மூணு, ஒண்ணு, நாலு, ரெண்டு

லலித்பூர்
சாவன் 8, விக்ரம சம்வத் 2080

பபி,

மூன்று மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் என்று காத்திருந்தால் இரண்டு பேருக்கும் நரைத்துவிடும். அண்ணன் நான்தான், நானே தோற்றுவிடுகிறேன்.

இந்தக் கடிதம் ஹார்டு டிஸ்க் இருக்கும் துணிப்பைக்குள் வருகிறது. ஜும்லா பஜார் வரை விமானத்தில், அங்கிருந்து உங்கள் ஊர்க் கோவேறு கழுதைக்காரர் தீர்த்த ரோக்காயாவோடு. டிஸ்க்கைப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியில் செருகு. நேபாளியில் புதிய கதைப் புத்தகங்கள், அறுபது அறிவியல் வீடியோக்கள், முழுக் கலைக்களஞ்சியம் எல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் டேப்லெட்டில் வாங்கிய மதிப்பெண்கள் அதே டிஸ்க்கில் இறங்கும். அதைத் திருப்பி அனுப்பு. நனைய விடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்தோம். சௌரிபாட்டா பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு, கணக்கு: தொண்ணூற்று நாலு சதவீதம். மூன்று முறை சரிபார்த்தேன். சோதனைக்கு எடுத்த நான்கு பள்ளிக்கூடங்களில் உன்னுடையதுதான் முதலிடம். ஆபீசில் எல்லோருக்கும் மோமோ வாங்கித் தந்தார் எங்கள் டைரக்டர்.

சைத் மாதம் அம்மா முன்னால் என்னைப் பார்த்து, "ஒரு பிள்ளை பக்கத்துல கூட நீ உட்கார்ந்ததில்ல, நீ செஞ்ச பெட்டி என்னத்தைச் சொல்லிக்குடுக்கும்?" என்று கேட்டாய். நானும் கோபத்தில், "அப்ப நீயே போய் உட்காரேன்" என்றேன். சௌரிபாட்டாவுக்கே கணக்கு டீச்சராகப் போயும் விட்டாய். உன் கேள்விக்குப் பதில் அந்தத் தொண்ணூற்று நாலுதான் என்று சொல்லிக்காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் கையெழுத்தோடு அறிக்கை உங்கள் ஊராட்சிக்குப் போய்விட்டது. அவர்கள் ஒப்புக்கொண்டால் பெட்டி இன்னும் நாற்பது பள்ளிக்கூடங்களுக்குப் போகும். பிள்ளைகள் டேப்லெட் வைத்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, சிரித்துக்கொண்டிருக்கட்டும்.

அம்மா கேட்கச் சொன்னாள்: சாப்பிடுகிறாயா?

லோகேந்திரன்


சௌரிபாட்டா
சாவன் 25

அண்ணா,

பை நனையவில்லை. தீர்த்தா தன் மழைக்கோட்டை அதன் மேல் போட்டுவிட்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்தார். "மிஸ், இத்தனூண்டு டப்பாவுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். பத்தாயிரம் புத்தகம் என்றேன். "முன்னாடியே சொல்லியிருந்தா கழுதைக்கு இன்னொரு பிடி கொள்ளு வச்சிருப்பேன்ல" என்றார்.

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். பாப்பர் என்று இங்கே விளைகிற தானிய மாவில் ரொட்டியும் உருளைக்கிழங்கும். போனுக்காக மேட்டில் ஏறினால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கிறது; "கேக்குதா, கேக்குதா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் நான் கூப்பிடவில்லை. முழுக்க அதனால் இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

உன் பெட்டியைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பொறாமைக்காரி என்று சொல்வாய். கலைக்களஞ்சியத்தில் பிள்ளைகள் திமிங்கலத்தைக் கண்டுபிடித்தார்கள். கடலையே பார்க்காத கூட்டம். "மிஸ், இது எத்தனை கழுதை நீளம்?" என்று கேட்டாள் மன்சரா. ஆறாம் வகுப்பு, பன்னிரண்டு வயது, என்னைத் தூங்கவிடாத பிள்ளை அவள்தான். தீர்த்தாவின் கழுதையைக் கயிற்றால் அளந்து, வகுத்து, பன்னிரண்டரை என்று சொன்னார்கள். அரைக் கழுதை முன்பக்கமா பின்பக்கமா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. அன்றைக்கு அவர்கள் கணக்குப் போட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன்.

மணி அடிக்கும் முன் முற்றத்தில் கை கோத்து வட்டமாக டேவ்டா ஆடுகிறார்கள். புதுப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள், முழுக்க எண்கள்தான். மூணு, ஒண்ணு, நாலு, ரெண்டு, ரெண்டு, மூணு என்று நீளமாகப் போகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை முறை கால் தட்ட வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உன் தொண்ணூற்று நாலைப் படித்துவிட்டு நேரே வகுப்புக்குப் போனேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று பலகையில் எழுதினேன். மன்சரா ஐந்தில் இரண்டு என்றாள். மேலே மேலோடு, கீழே கீழோடு கூட்டிவிட்டாள். வகுப்பே தலையாட்டியது. இருபத்திரண்டு பேரில் ஒருவர் கூட மறுக்கவில்லை.

உன் தொண்ணூற்று நாலு என் வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, அண்ணா? நான் தேடிப் பார்த்துவிட்டேன். போட்டோ இப்போது வேண்டாம்.

பபித்ரா


லலித்பூர்
பாதௌ 14

பபி,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். முதலில் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோதும் வந்தது.

பலகைக்கு முன்னால் நிறுத்தினால் எந்தப் பிள்ளையும் பயப்படும். உன் பார்வையைப் பற்றி உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். டேப்லெட் முறைக்காது. தப்பாக அழுத்தினால் திட்டாது. அதற்காகத்தானே இதைச் செய்தோம். அந்தக் கேள்விகளில் பாதியை எழுதினவள் நீ, மறந்துவிட்டாயா?

உங்கள் ஊராட்சித் தலைவர் போனில் பேசினார். "ரிமால்ஜி, எங்க பிள்ளைங்க இவ்வளவு புத்திசாலிங்கன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சே" என்றார். ஜும்லாப் பிள்ளைகளைப் பற்றி யாராவது அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறாயா? கார்த்திக் 24 அன்று ஊராட்சி மண்டபத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்கள், நான் வர வேண்டும். ஆசிரியர்களை மாற்றி அமைக்க ஏதோ திட்டம் இருப்பதாகவும் சொன்னார். அதை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை, வேலை அவ்வளவு. நீ ஒரு பலகையையும் ஒரு பிள்ளையையும் வைத்து எல்லாவற்றையும் கலைக்காதே.

லோகேந்திரன்


சௌரிபாட்டா
பாதௌ 30

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி.

செவ்வாய்க்கிழமை வெயில் அதிகம், பிள்ளைகளை வெளியே உட்கார வைத்தேன். வெயிலில் டேப்லெட் திரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் நிழலுக்கு ஓடினார்கள். மன்சரா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து அழுத்திக்கொண்டிருந்தாள். முகம் ஆப்பிள் மரத்துப் பக்கம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சரி என்று மணி அடித்தது.

"திரையே தெரியல. எதைப் பாத்து அழுத்தற?" என்றேன்.

"எதுக்குப் பாக்கணும் மிஸ்? ஏழாவதுக்கு ரெண்டு, எட்டாவதுக்கு நாலு."

"கேள்வி என்ன?"

"கேள்வியைப் படிச்சா பாட்டு விட்டுப்போயிடும் மிஸ்."

அந்த டேவ்டாப் பாட்டுதான், அண்ணா. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள், இருபது கேள்விக்கும் இருபது எண்கள். எத்தனையாவது பொத்தான் சரி என்பதைக் காலால் தட்டித் தட்டி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நான் அதை அழகு என்று உனக்கு எழுதினேன், என்னைச் சொல்ல வேண்டும். அவளைத் திட்டவும் முடியவில்லை. "பாடத்தை மனப்பாடம் பண்ணுங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்று அவள் கேட்டாள். ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. இதுதான் பாடம் என்று நினைத்திருக்கிறாள்.

பெட்டியை ஐந்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து முறையும் அதே கேள்வி அதே வரிசையில், அதே விடை அதே இடத்தில். உன் ஆபீசில் நான் கேள்வி எழுதிய நாட்களில் ஒவ்வொரு முறையும் வரிசை கலைந்துதான் வரும். கலைத்துப்போடுகிற வேலையை உங்கள் பெரிய சர்வர் இன்டர்நெட் வழியாகச் செய்கிறது, இல்லையா? இங்கே அது எட்டவில்லை என்றால் பெட்டி எடுத்துவைத்த வரிசையையே காட்டிக்கொண்டிருக்கும். இன்டர்நெட் இல்லாத ஊருக்கென்று செய்த பெட்டியை, இன்டர்நெட் இருக்கிற அறைக்குள் வைத்தே சோதித்திருக்கிறீர்கள். வயரைப் பிடுங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை எத்தனை விநாடி எடுத்தது என்று டிஸ்க்கில் ஒரு கட்டம் பதிவாகும். அந்தக் கட்டத்தைச் செய்தவன் நீ. பின்னக் கணக்குக்கு அவர்கள் எத்தனை விநாடி எடுத்தார்கள், அண்ணா?

பபித்ரா


லலித்பூர்
அசோஜ் 12

பபி,

நீ சொன்னது சரி. வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். இங்கேயும் வரிசை கலையவில்லை.

இந்த டிஸ்க்கில் திருத்தம் இருக்கிறது. இனிமேல் பெட்டி தானாகவே கலைத்துக்கொள்ளும், யாரையும் கேட்காது. செருகினால் போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கார்த்திக் 24 வரை யாரிடமும் சொல்லாதே. நாற்பது பள்ளிக்கூடம் பபி, நாற்பது. புத்தகமே இல்லாத இடங்களுக்குப் பத்தாயிரம் புத்தகம் போகிறது. கேள்விப் பகுதி ஒன்றுதான் கோணல், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, நீயே திமிங்கலத்தைப் பற்றி எழுதினாய். கூட்டம் முடிந்ததும் அடுத்த அறிக்கையில் எண்ணைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன். யாருக்கும் நஷ்டம் இல்லை.

விநாடிக் கணக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தசைன் பண்டிகைக்கு வருவாயா? அம்மா பூஜைக்கு ஜமரா முளைப்பயிர் விதைக்கப் போகிறாள், உனக்கும் சேர்த்து.

லோ


சௌரிபாட்டா
அசோஜ் 26

அண்ணா,

யாருக்கும் நஷ்டம் இல்லை என்றாய்.

நேற்று ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஹெட்மாஸ்டர் சந்திர மகத் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே படித்தார். சௌரிபாட்டாவில் டிஜிட்டல் பெட்டியால் கணக்குப் பாடம் தொண்ணூற்று நாலு சதவீதம் எட்டப்பட்டிருப்பதால், அங்கே கணக்கு ஆசிரியர் இடம் இனித் தேவைப்படாது. கார்த்திக் முடிந்ததும், மங்சிர் முதல் தேதி அந்த இடம் சாலையோரப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்படுகிறது. பிள்ளைகள் பெட்டியிடம் படித்துக்கொள்வார்கள்.

"முப்பது வருஷமா இந்த ஸ்கூலுக்கு ஒரு நல்ல பேரு வரணும்னு கும்பிட்டேன் மிஸ்," என்றார் ஹெட்மாஸ்டர். "வந்துச்சு. வந்த கையோட ஆளையும் தூக்கிட்டுப் போகுது."

உன் திருத்தத்தைப் போட்டேன். மதிப்பெண் முப்பத்தொன்று. முதல் நாள் அவர்கள் பாட்டைப் பாடிப் பாடி அழுத்தினார்கள், தப்பு என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. மன்சரா டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "பெட்டி கெட்டுப்போச்சு மிஸ், அதுக்குப் பாடம் மறந்துபோச்சு" என்றாள். கெட்டது பெட்டி இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் நான் எந்த வாயால் சொல்வது?

இரவெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறேன். ஊராட்சிக்கு நானே எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறை கிழித்துப் போட்டேன். நான் எழுதினால் என்ன சொல்வார்கள்? நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கிறாள் என்பார்கள். டிஸ்க்கையே நான்தான் கெடுத்தேன் என்பார்கள். என் சொல் அங்கே எடுபடாது. அறிக்கையில் இருப்பது உன் கையெழுத்து. எடுபடுகிற சொல் உன்னிடம்தான் இருக்கிறது.

எனக்கு இந்த இடம் போனால் லலித்பூரில் வேறு வேலை கிடைக்கும். மன்சராவுக்கு இங்கே வேறு கணக்கு டீச்சர் கிடைக்கமாட்டார். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம்தான். அதில் கோட்டைவிட்டால் அவள் அக்காவுக்கு நடந்த மாதிரி பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

தசைனுக்கு வரவில்லை. அம்மாவிடம் பாதை மோசம் என்று சொல். தீஹார் விளக்கையும் இங்கேதான் ஏற்றுவேன். தங்கை திலகம் வைக்கிற பாயி டீகாவுக்கு உன் நெற்றி வெறுமையாக இருக்கட்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் உன் முகத்தைப் பார்த்து இப்போது என்னால் டீகா வைக்க முடியாது. விநாடிக் கணக்குக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

பபித்ரா


ஜும்லா பஜார்
கார்த்திக் 24

பபி,

உன் ஊருக்கு ஒன்றரை நாள் நடை தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தீர்த்தா காலையில் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விநாடிக் கணக்கு: ஒரு கேள்விக்கு ஒன்றரை விநாடி. கேள்வியைப் படிக்கவே எனக்கு ஒன்பது விநாடி ஆகும். அந்தக் கட்டத்தை நான் அசார் மாதமே பார்த்துவிட்டேன், பபி. வேகமான பிள்ளைகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அறிக்கை அச்சுக்குப் போகும்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானாகவே எடுத்தேன். உன்னிடம் இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

இன்று கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள், ஹெட்மாஸ்டர்கள், எங்கள் டைரக்டர் என் பக்கத்தில். பேச எழுதி வைத்திருந்த தாள் பாக்கெட்டிலேயே இருந்தது. நான் திருத்தாத பழைய பெட்டியையும் ஒரு டேப்லெட்டையும் மேசை மேல் வைத்தேன். "தலைவரே, ஆறாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை நீங்க எழுதறீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கும் கணக்குக்கும் ஆகாது தம்பி, பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திரைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். கையை மட்டும் பின்னால் நீட்டச் சொல்லி, விரலைப் பொத்தான் மேல் நானே எடுத்து வைத்தேன். உன் முதல் கடிதத்தில் இருந்தபடி சொல்ல ஆரம்பித்தேன்: மூணு, ஒண்ணு, நாலு, ரெண்டு, ரெண்டு, மூணு. நீ எழுதாததைப் பதிவிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். இருபதும் அழுத்தினார். நூற்றுக்கு நூறு என்று பெட்டி மணி அடித்தது. மண்டபமே கை தட்டியது. பெட்டியின் பெருமையைக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

தலைவர் மட்டும் தட்டவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தார். "நான் ஒரு கேள்வியும் பாக்கலையே" என்றார்.

"அந்தப் பிள்ளைங்களும் பாக்கலைங்க" என்றேன். "தப்பு அவங்களோடது இல்ல. என்னோடது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வயரை, விநாடிக் கட்டத்தை, முப்பத்தொன்றை. டைரக்டர் எழுந்து வெளியே போனார். நாற்பது பள்ளிக்கூடத் திட்டம் நின்றுவிட்டது. புத்தகங்களை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டேன், அதற்குள் ஹெட்மாஸ்டர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். என்னை அடுத்த உத்தரவு வரும்வரை ஆபீசுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தலைவர் உன் மாற்றல் கடிதத்தைப் பற்றி, "வருஷக் கடைசி வரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பாயி டீகாவுக்கு ஐந்து நாள் இருக்கிறது. கேட்காமல் உன் வாசலில் வந்து நிற்கத் தைரியம் இல்லை. டீகா வைக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசி பெஞ்சில் ஒரு மாதம் உட்கார்ந்து பிள்ளைகள் அழுத்துவதைப் பார்க்க விடுவாயா? சத்தம் போடமாட்டேன்.

அண்ணன்


சௌரிபாட்டா
கார்த்திக் 26

அண்ணா,

தீர்த்தா இதோடு உடனே திரும்புகிறார். "உங்க அண்ணன் டீக்கடையில உட்கார்ந்து வழியையே பாத்துக்கிட்டிருக்காரு, ஒரு டம்ளர் டீயை ரெண்டு மணி நேரமாக் குடிக்கிறாரு" என்று சொன்னார். எழுந்து அவரோடு கிளம்பு.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்தக் கட்டத்தை நீ எடுத்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஆனால் வாடாமல்லி பறித்து வைத்துவிட்டேன். உனக்குக் கெட்டது அண்டாமல் வாசலில் உடைக்க வால்நட் இருக்கிறது, இங்கே அதற்கா பஞ்சம். டீகா வைத்துவிட்டுத் திட்டுகிறேன், வயிறு நிறைந்த பிறகு.

கடைசி பெஞ்ச் கால் ஆடுகிறது. சுத்தியல் எடுத்துக்கொண்டு வா.

இன்று மதிப்பெண் முப்பத்தாறு. பிள்ளைகள் முற்றத்தில் கூழாங்கல் வைத்து அவர்களாகவே கேள்வி செய்கிறார்கள், அதைப் பெட்டியில் ஏற்றுவது எப்படி என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். மன்சரா பலகை முன்னால் நிற்கிறாள். அரையும் மூன்றில் ஒன்றும். ஆறில் நாலு என்று எழுதினாள். தப்பு. நான் வாயைத் திறக்கப் போனேன்.

"இருங்க மிஸ். எங்க விட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அழித்துவிட்டு மறுபடி போடுகிறாள், இதை எழுதும் இந்த நேரம் வரை. அவள் முடிக்கும் வரை யாரும் விடை சொல்லக் கூடாதாம். நீ வந்த பிறகும் அப்படித்தான், அண்ணா. தெரிந்தாலும் சொல்லிவிடாதே.

பபி